உறக்கக் குளிகையை மெல்லக் குறைத்து விடுவது எப்படி: குமரி மாவட்டத்திலிருந்து ஒரு முழு வழிகாட்டி

நம் ஊரில் பென்சோடயசெபின் என்று யாரும் சொல்வதில்லை. உறக்கக் குளிகை என்போம், நரம்புக் குளிகை என்போம், டென்ஷன் மாத்திரை என்போம். அல்பிரசோலம், குளோனசெபம், லோராசெபம், டயசெபம், குளோபசாம், நைட்ரசெபம், குளோர்டயசெபாக்சைடு எல்லாமே அந்த ஒரே குடும்பம். அப்பா இறந்த வாரத்தில் உறக்கமே இல்லாமல் கிடந்த எனக்கு, இரண்டு வாரத்துக்கென்று எழுதிக் கொடுத்தது குளோனசெபம் 1 மி.கி. அந்தச் சீட்டு ஆறு வருஷம் ஓடியது.

ஒரு நாள் சொந்தக்காரர் ஒருவர், "இதை இப்படியே விழுங்கினா புத்தி மழுங்கிப் போகும்" என்று சொல்லிவிட்டுப் போனார். அன்றைக்கே அட்டையோடு தூக்கிக் குப்பையில் போட்டேன். மூன்றாம் நாள் கை நடுங்கத் தொடங்கியது. ஐந்தாம் நாள் சுவரில் சுற்றும் மின்விசிறியின் நிழலைப் பார்க்கவே பயமாக இருந்தது. உடம்பு முழுக்க வேர்வை, நெஞ்சில் நிற்காத வெப்ராளம், அதாவது பதற்றம். வீட்டுக்காரர் பதறிப்போய் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனார். பழைய அளவைத் திரும்பக் கொடுத்ததும் மறுநாளே அடங்கிவிட்டது. அப்புறம் ஒரு மனநல மருத்துவரின் துணையோடு 14 மாதம் எடுத்துக் குறைத்து, முழுசாக விட்டேன். இரண்டு தடவையும் அதே ஆள், அதே மாத்திரை. வேகம் மட்டும்தான் வேறு. இந்த வழிகாட்டியில் நான் சொல்ல வருவதெல்லாம் அந்த வேகத்தைப் பற்றித்தான்.

நான் மருத்துவர் இல்லை. கீழே வரும் அளவுகள் உங்கள் மருத்துவரோடு உட்கார்ந்து பேசும்போது கைக்கு உதவட்டும் என்று எழுதியவை. இதை வைத்துக்கொண்டு நீங்களாகவே தொடங்கிவிட வேண்டாம்.

ஒரே நாளில் நிறுத்தினால் என்ன ஆகும்

மூளையின் பரபரப்பை அடக்கிவைக்க காபா என்ற வேதிப்பொருள் இருக்கிறது. இந்த மாத்திரை அதன் வேலைக்கு வலு கூட்டுகிறது. தினமும் வெளியிலிருந்து உதவி வந்துகொண்டே இருந்தால் மூளை தன் பக்கத்து அடக்கும் சக்தியைக் குறைத்துக்கொள்ளும். சில பேருக்கு இது சில வாரத்திலேயே நடந்துவிடுகிறது. பேச்சிப்பாறை அணை நிறைந்து நிற்கும்போது மதகை எப்படித் திறக்கிறார்கள் என்று நமக்குத் தெரியும். கொஞ்சம் கொஞ்சமாகத் திறந்தால் ஆறு தாங்கும், ஒரே அடியாகத் திறந்தால் குழித்துறையில் வீட்டுக்குள் வெள்ளம். மாத்திரையைச் சட்டென்று நிறுத்தும்போது தலைக்குள் நடப்பதும் ஏறக்குறைய அதுதான். நடுக்கம், உறக்கமின்மை, பயம் என்பதோடு நிற்காமல் வலிப்பு வரலாம், ஆள் குழம்பிப் பிதற்றலாம், உயிரே போகலாம். அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 2020-ல் இந்தக் குடும்பத்து மாத்திரைகள் எல்லாவற்றின் எச்சரிக்கைக் குறிப்பிலும் இதைக் கட்டம் கட்டிச் சேர்க்கச் சொன்னது.

இன்னொன்றையும் இங்கேயே சொல்லிவிடுகிறேன். உடம்பு பழகிப்போவது வேறு, போதைக்கு அடிமையாவது வேறு. மருத்துவர் எழுதியதை எழுதியபடி சாப்பிட்டவருக்கும் உடம்பு பழகும். அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை. நான் ஒரு வருஷம் மருத்துவரிடம் போகாமல் இருந்ததற்குக் காரணமே இந்த வெட்கம்தான்.

படி 1: கையில் இருப்பது என்ன மாத்திரை

அட்டையின் பின்பக்கத்தை வெளிச்சத்தில் பிடித்து முழுதாகப் படியுங்கள். பெயர், எத்தனை மி.கி., சாதாரண மாத்திரையா, நாக்கில் கரைவதா, மெல்ல மெல்ல மருந்தை விடும் எஸ்.ஆர். வகையா என்று ஒரு தாளில் எழுதிவையுங்கள். எஸ்.ஆர். மாத்திரையை ஒருநாளும் உடைக்கக் கூடாது.

நம் நாட்டில் கூட்டு மாத்திரைகள் நிறைய. எஸ்சிடலோபிராமும் குளோனசெபமும் சேர்ந்தது, புரோப்ரனலாலும் அல்பிரசோலமும் சேர்ந்தது என்று வரும். கூட்டு மாத்திரையைப் பாதியாக்கினால் உள்ளே இருக்கும் இரண்டு மருந்துமே பாதியாகும். எஸ்சிடலோபிராமை நிறுத்தினாலும் தனியாகத் தலைசுற்றல், எரிச்சல் எல்லாம் வரும். புரோப்ரனலாலைச் சட்டென்று விட்டால் இதயத் துடிப்பு ஏறும். எதனால் என்ன வருகிறதென்று பிரித்தறிய முடியாமல் தவிப்பீர்கள். அதனால் மருத்துவரிடம் முதலில் கேட்க வேண்டியது, "இதைத் தனித்தனி மாத்திரையாக எழுதித் தர முடியுமா?" என்பதுதான்.

வயிற்றுக் கோளாறுக்கென்று வருஷக்கணக்கில் சாப்பிடும் சில மாத்திரைகளிலும் குளோர்டயசெபாக்சைடு இருக்கிறது, பக்கத்தில் கிளிடினியம் என்று போட்டிருக்கும். "நான் நரம்பு மாத்திரை எதுவும் சாப்பிடுவதில்லை" என்று உறுதியாகச் சொன்ன ஒரு பெரியம்மாவின் மாத்திரை டப்பாவில் இதைப் பார்த்தேன். சோல்பிடெம் என்ற உறக்க மாத்திரை இந்தக் குடும்பத்தில் சேராது, ஆனால் அதுவும் இதே இடத்தில் வேலை செய்வதால் அதையும் சட்டென்று நிறுத்தக் கூடாது.

படி 2: மருத்துவரைப் பார்ப்பது

சிலர் வீட்டிலிருந்தே குறைக்கலாம், சிலருக்கு அது ஆபத்து. முன்பு எப்போதாவது வலிப்பு வந்தவர்கள், தினமும் குடிப்பவர்கள், கர்ப்பிணிகள், அதிக அளவு எடுப்பவர்கள், முன்பு நிறுத்தியபோது குழம்பிப்போனவர்கள், தற்கொலை எண்ணம் உள்ளவர்கள், டிரமடால் போன்ற வலி மாத்திரையும் சேர்த்து எடுப்பவர்கள் எல்லாம் சிறப்பு மருத்துவரிடம் போக வேண்டும். சிலருக்கு ஆஸ்பத்திரியில் சேர்ந்து குறைப்பதே நல்லது. வலிப்பு நோய்க்காகக் குளோபசாமோ குளோனசெபமோ சாப்பிடுகிறவர்கள் நரம்பியல் மருத்துவரைக் கேட்காமல் ஒரு துளிகூடக் குறைக்கக் கூடாது.

ஆசாரிப்பள்ளம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனையில் மனநலப் பிரிவு இருக்கிறது. நாகர்கோவிலுக்கோ திருவனந்தபுரத்துக்கோ தனியாரிடம் போகிறவர்களும் உண்டு. எங்கே போனாலும் மாதம் ஒரு தடவை போய்வர முடிகிற இடமாகப் பாருங்கள், ஏனென்றால் இது ஒரு தடவை பார்த்து முடிகிற காரியமில்லை. போக வெட்கமாக இருந்தால் முதலில் அரசின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416-க்குக் கூப்பிட்டுப் பேசுங்கள். காசு கிடையாது, எந்த நேரமும் தமிழில் பேசலாம்.

மருத்துவர் "சும்மா நிறுத்திடுங்க, ஒண்ணும் ஆகாது" என்றாலோ, "இரண்டு வாரத்தில் முடிச்சிடலாம்" என்றாலோ, எத்தனை வருஷமாகச் சாப்பிடுகிறீர்கள் என்பதை இன்னொரு தடவை சொல்லுங்கள். அப்போதும் மாற்றிச் சொல்லவில்லை என்றால் வேறு மருத்துவரைப் பாருங்கள்.

படி 3: அட்டவணை போடுவது

அமெரிக்காவில் பல மருத்துவ அமைப்புகள் சேர்ந்து 2025-ல் வெளியிட்ட வழிமுறை சொல்வது இது: 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு தடவை, அப்போது சாப்பிடும் அளவில் 5 முதல் 10 சதவீதம் குறைத்துத் தொடங்கலாம், எந்த இரண்டு வாரத்திலும் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது. இங்கிலாந்தில் நியூகாசில் நகரில் ஹெதர் ஆஷ்டன் என்ற பேராசிரியர் 1982 முதல் 1994 வரை இதற்கென்றே ஒரு கிளினிக் நடத்தினார். நோயாளியின் உடம்பு தாங்கும் வேகத்திலேயே குறைக்க வேண்டும் என்பதை அவர் விடாமல் வலியுறுத்தினார்.

"அப்போது சாப்பிடும் அளவில்" என்ற சொல்லைக் கவனியுங்கள். 1 மி.கி.யிலிருந்து 0.1 குறைத்தால் பத்து சதவீதம். அதே 0.1-ஐ 0.2-லிருந்து குறைத்தால் பாதியே போய்விடுகிறது. அதனால் கீழே இறங்க இறங்கக் குறைக்கும் துண்டும் சிறிதாக வேண்டும். "இனி கொஞ்சம்தானே இருக்கு" என்று கடைசியில் எட்டிக் குதிப்பவர்கள்தான் அதிகமாக விழுகிறார்கள்.

எனக்குப் போட்ட அட்டவணையைச் சொல்கிறேன், உங்களுக்கு இது பொருந்த வேண்டுமென்பதில்லை. முதலில் 1 மி.கி. மாத்திரையை மாற்றி நான்கு 0.25 மாத்திரையாக எழுதித் தந்தார். மாதம் ஒரு தடவை அரை 0.25, அதாவது 0.125 குறைத்து, நாலு மாதத்தில் 0.5-க்கு வந்தேன். அதற்குக் கீழே கால் துண்டாக, 0.0625 வீதம், இன்னொரு நாலு மாதத்தில் 0.25. அங்கிருந்து துண்டு போட வழியில்லை, மாத்திரை பொடிந்துவிடும். அதனால் மருத்துவர் டயசெபம் 5 மி.கி.க்கு மாற்றினார். டயசெபம் உடம்பை விட்டு மெல்லத்தான் வெளியேறும், 2 மி.கி. மாத்திரையாகவும் கிடைக்கும். அதில் கால் துண்டு, 0.5 மி.கி., இரண்டு அல்லது மூன்று வாரத்துக்கு ஒரு தடவை குறைத்து முடித்தேன். இந்த மாற்றுக் கணக்கு ஆளுக்கு ஆள், மருத்துவருக்கு மருத்துவர் மாறும். வயதானவர்களுக்கும் ஈரல் நோய் உள்ளவர்களுக்கும் டயசெபம் உடம்பில் தேங்கும். ஆகவே மாற்றுவது மருத்துவர் வேலை.

அல்பிரசோலம் சாப்பிடுகிறவர்களுக்கு ஒரு குறிப்பு. அது உடம்பில் பாதியாகக் குறைய ஏறக்குறைய 11 மணி நேரம்தான் ஆகும். இரவு மட்டும் சாப்பிட்டால் மறுநாள் மத்தியானமே வெப்ராளம் தொடங்கும். பலர் அதை "என் நோய் முற்றிவிட்டது" என்று எடுத்துக்கொள்கிறார்கள். இரண்டு வேளைக்கு இடையில் மருந்து வடிவதால் வருவது அது. வேளை பிரித்துக் கொடுக்கலாமா, வேறு மருந்துக்கு மாற்றலாமா என்று மருத்துவரிடம் கேளுங்கள்.

தொடங்கும் தேதியையும் யோசித்துப் போடுங்கள். வீட்டில் கல்யாணம், பிள்ளையின் பொதுத்தேர்வு, கோட்டார் சவேரியார் திருவிழா, மண்டைக்காடு கொடை என்று ஆள் வருகையும் சத்தமும் கூடுகிற வாரத்தில் குறைக்க வேண்டாம். அந்த வாரம் பழைய அளவிலேயே நின்றுகொள்ளலாம்.

படி 4: அன்றாடம் மாத்திரையைக் கையாள்வது

மருந்துக் கடையில் மாத்திரை வெட்டும் சிறு டப்பா கிடைக்கும். கத்தியால் வெட்டினால் ஒரு நாள் கூடும், ஒரு நாள் குறையும். தினமும் ஒரே நேரத்தில் சாப்பிடுங்கள். ஒரு நாள் விட்டு ஒரு நாள் சாப்பிடும் வேலை வேண்டவே வேண்டாம், அது இரண்டு நாளுக்கு ஒரு முறை சட்டென்று நிறுத்துவதற்குச் சமம். வெப்ராளம் வந்த நாளில் மட்டும் கூட ஒன்று போட்டுக்கொள்வதும் கணக்கைக் கெடுக்கும்.

அல்பிரசோலம், டயசெபம், சோல்பிடெம் போன்றவை 2014 மார்ச் முதல் எச்1 என்ற, சீட்டில்லாமல் விற்கக் கூடாத மருந்துப் பட்டியலில் இருக்கின்றன. கடைக்காரர் உங்கள் பெயரையும் சீட்டு எழுதிய மருத்துவர் பெயரையும் பதிவேட்டில் எழுத வேண்டும். சீட்டில்லாமல் கொடுக்கவில்லை என்று அவரிடம் கோபப்படாதீர்கள், சீட்டை முன்கூட்டியே வாங்கிவையுங்கள். பத்து நாளுக்காவது மிச்சம் இருக்கும்போதே அடுத்ததுக்குப் போய்விட வேண்டும்.

தூத்தூர், வள்ளவிளை பக்கம் வாரக்கணக்கில் தங்கல் போகிற மீனவர்களுக்கு இது இன்னும் முக்கியம். நடுக்கடலில் மாத்திரை தீர்ந்தால், வலிப்பு வந்தால், கரைக்குக் கொண்டுவர நாள் ஆகும். போகும் நாள் கணக்குக்கு மேலே ஒரு வாரத்துக்குச் சேர்த்து, நனையாத டப்பாவில் எடுத்துப் போங்கள். படகில் ஒருவருக்காவது சொல்லிவையுங்கள். குறைப்பதைக் கடலில் இருக்கும்போது செய்யாமல், மீன்பிடித் தடைக்காலத்தில் கரையில் இருக்கும்போது செய்யுங்கள். ரப்பர் பால் வெட்ட விடியுமுன்னே எழுந்து போகிறவர்களும் குறைத்த முதல் வாரம் கவனம்: இருட்டு, சரிவு, கையில் கத்தி, உறக்கம் கெட்ட தலை. முடிந்தால் அந்த நாலைந்து நாள் வேறு ஆளை அனுப்புங்கள்.

ஒரு பழைய நோட்டில் தேதி, அளவு, எத்தனை மணி நேரம் உறங்கினீர்கள், வெப்ராளம் பத்துக்கு எத்தனை என்று மட்டும் எழுதுங்கள். அதற்கு மேலே எழுதினால் நாள் முழுக்க உடம்பையே கவனித்துக்கொண்டிருப்பீர்கள்.

படி 5: வருவதைத் தாங்குவது

குறைத்த சில நாளில் தொடங்கி, ஒன்றிரண்டு வாரத்தில் தணிவது பொதுவான போக்கு. நெஞ்சு படபடப்பு, வேர்வை, நடுக்கம், தோள் கழுத்து இறுக்கம், வயிற்றுக் கலக்கம், காதில் இரைச்சல், கை கால் கூச்சம், எரிச்சல், காரணமில்லாத அழுகை. சத்தமும் வெளிச்சமும் தாங்காது. எனக்குக் கோயில் குழாய் ஒலிபெருக்கி தலைக்குள்ளேயே கட்டியதுபோல இருந்தது. காதில் பஞ்சு வைத்துக்கொண்டு பின்கட்டு அறையில் இருந்தேன்.

எல்லாவற்றையும்விட என்னைக் கலங்கடித்தது, என் வீடே எனக்கு அந்நியமாகத் தெரிந்ததுதான். அடுக்களையில் நின்று பார்த்தால் எல்லாம் கண்ணாடிக்கு அந்தப் பக்கம் இருப்பதுபோல இருக்கும். பைத்தியம் பிடிக்கப் போகிறதென்று நினைத்தேன். மருத்துவர் சொன்னார், "இது குறைக்கும்போது பலருக்கு வருவதுதான், வந்த மாதிரியே போகும்." போயிற்று. அப்படி வரும்போது நான் செய்தது: குழாயைத் திறந்து தண்ணீரில் கையை வைத்துக்கொண்டு, கண்ணுக்குப் பட்ட பாத்திரங்களின் பெயரைச் சத்தமாகச் சொல்வேன்.

வெப்ராளம் ஏறும்போது மூச்சை இழுப்பதில் கவனம் வைக்காதீர்கள், விடுவதை நீட்டுங்கள். மூக்கால் நாலு எண்ணும்வரை இழுத்து, ஆறேழு எண்ணும்வரை மெல்ல விடுவது. பத்து தடவை. அதோடு, பயம் ஏறினால் ஒரு உச்சிக்குப் போய்த் தானாகவே இறங்கும் என்பதைக் கடிகாரத்தைப் பார்த்துப் பழகுங்கள். எனக்குப் பெரும்பாலும் அரை மணிக்குள் இறங்கியது. இரண்டு மூன்று தடவை அப்படிப் பார்த்துவிட்டால், நாலாவது தடவை பயத்தைப் பற்றிய பயம் குறைந்துவிடும்.

உறக்கத்துக்கு வருகிறேன், இதுதான் எல்லாருக்கும் பெரிய கவலை. மாத்திரை குறையும்போது சில நாள் உறக்கம் முன்பைவிட மோசமாகும். பழைய வியாதி திரும்பிவிட்டதென்று அதற்கு அர்த்தம் இல்லை. உறங்கினாலும் உறங்காவிட்டாலும் காலையில் ஒரே நேரத்தில் எழுந்துவிடுங்கள். படுத்து இருபது நிமிஷம்போல ஆகியும் உறக்கம் வரவில்லையென்றால் கட்டிலை விட்டு எழுந்து, மங்கலான வெளிச்சத்தில் உட்காருங்கள். கண் சொக்கும்போது திரும்பப் படுங்கள். நான் பயறு பொறுக்குவேன், பழைய துணி மடிப்பேன். அலைபேசி வேறு அறையில் இருக்க வேண்டும். மத்தியானம் சாப்பிட்டு ஒரு மணி நேரம் உறங்கும் பழக்கத்தை இந்த மாதங்களில் விட்டுவிடுங்கள். விடியுமுன் எழுகிறவர்கள் மட்டும் அரை மணி படுக்கலாம்.

கட்டன் சாயாவும் காப்பியும் காலையோடு சரி. அதையும் ஒரே நாளில் விடாமல் ஒவ்வொரு கிளாஸாகக் குறையுங்கள், இல்லையென்றால் அதற்கொரு தலைவலி தனியாக வரும். சாயங்காலம் எனக்குக் கருப்பட்டி போட்ட சுக்கு வெந்நீர் போதுமாக இருந்தது, சர்க்கரை நோய் இருந்தால் அதுவும் வேண்டாம். இரவில் கஞ்சியும் பயறுமாக லேசாகச் சாப்பிட்டால் வயிறு கலங்காது. வெயில் தாழ்ந்ததும் தினமும் அரை மணி நடந்தேன். எங்கள் ஊர்க் குளத்தங்கரையை இரண்டு சுற்று, அவ்வளவுதான்.

மதுவைத் தொடவே கூடாது. மாத்திரையும் மதுவும் சேர்ந்தால் மூச்சே அடங்கலாம், குறைத்த இடத்தை மதுவால் நிரப்பினால் உடம்பு அதற்கும் பழகிவிடும். கள்ளும் மதுதான்.

வேறு மருந்துகளும் குழப்பம் செய்யும். கிளாரித்ரோமைசின், எரித்ரோமைசின், கீட்டோகோனசோல் போன்றவை அல்பிரசோலத்தை உடம்பில் கூட்டிவிடும். சிப்ரோஃப்ளாக்சசின் வகை ஆன்டிபயாட்டிக்கும் டிரமடாலும் வலிப்புக்கான வாய்ப்பைக் கூட்டும். காய்ச்சல், பல்வலி என்று எங்கே போனாலும் "நான் இந்த மாத்திரையைக் குறைத்துக்கொண்டிருக்கிறேன்" என்று முதல் வார்த்தையாகச் சொல்லுங்கள். நாட்டு மருந்துக் கடையில் உறக்கத்துக்கென்று தரும் பொடிக்கும் இதே விதிதான்.

படி 6: தாங்கவில்லை என்றால்

நின்றுவிடுங்கள். அடுத்த குறைப்பு தேதி வந்துவிட்டதே என்று குறைக்க வேண்டாம். அதே அளவில் இன்னும் இரண்டு வாரம், நாலு வாரம் இருக்கலாம். ரொம்ப மோசமென்றால் மருத்துவரைக் கேட்டு முந்தின படிக்கு ஏறலாம். எட்டாவது மாதத்தில் அம்மாவுக்கு உடம்பு முடியாமல் போனபோது நான் ஐந்து வாரம் ஒரே இடத்தில் நின்றேன். அது தோல்வி என்று அன்று அழுதேன். இன்று பார்த்தால் அந்த ஐந்து வாரம்தான் மீதியை முடிக்க வைத்தது.

கீழே சொல்வது வந்தால் காத்திருக்காமல் 108-ஐக் கூப்பிடுங்கள்: வலிப்பு, இல்லாத ஆளும் சத்தமும் தெரிவது, இடம் நாள் தெரியாமல் பிதற்றுவது, கடும் நடுக்கத்தோடு காய்ச்சல், மயக்கம். வலிப்பு வந்தவரை ஒருக்களித்துப் படுக்கவையுங்கள். வாயில் எதையும் திணிக்காதீர்கள், கையில் சாவிக்கொத்தைக் கொடுக்காதீர்கள். "செத்துப்போனால் நன்றாக இருக்கும்" என்ற எண்ணம் வந்தால் அதுவும் அவசரம்தான். பக்கத்தில் இருப்பவரிடம் அந்த நிமிஷமே சொல்லுங்கள், 14416-க்குக் கூப்பிடுங்கள், தனியாக இருக்காதீர்கள்.

வீட்டிலிருப்பவர்களுக்கு

"மனசு வச்சா முடியும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். மனசு வைத்ததால்தான் அவர் இதைத் தொடங்கியிருக்கிறார். மாத்திரையை ஒளித்துவைக்காதீர்கள், சீக்கிரம் முடியட்டுமென்று நீங்களாகக் குறைத்துக் கொடுக்காதீர்கள். வயதானவர் என்றால் இரவில் கழிப்பறைக்குப் போகும் வழியில் ஒரு விளக்கு எரியட்டும். மாத்திரை மயக்கத்திலும் விழுவார்கள், குறைக்கும்போது வரும் கெறக்கத்திலும் விழுவார்கள். என் அம்மா இரவு இரண்டு மணிக்கு எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்து, "உறக்கம் வரலியா மக்ளே, சரி, நாம சும்மா இருப்போம்" என்பாள். வேறு எதுவும் பேச மாட்டாள். எனக்கு அது போதுமாக இருந்தது.

கடைசித் துண்டுக்குப் பிறகு

டயசெபம் உடம்பை விட்டுப் போக வாரக்கணக்காகும். அதனால் கடைசி மாத்திரைக்குப் பத்து நாள் கழித்து ஒரு சிறு அலை வந்தால் பயப்பட வேண்டாம். சிலருக்கு அவ்வப்போது வந்துபோகும் அலைகள் மாதக்கணக்கில் இருக்கும். இடைவெளி நீண்டுகொண்டே போவதை நோட்டில் பார்க்கலாம். மருத்துவரிடம் இன்னும் இரண்டு மூன்று தடவை போய்வாருங்கள். எதற்காக அந்த மாத்திரை முதலில் தொடங்கியதோ அந்தத் துக்கமோ பதற்றமோ மிச்சமிருந்தால், அதற்கு ஆலோசனையோ வேறு சிகிச்சையோ உண்டு. அப்பாவைப் பற்றி நான் வாய்விட்டுப் பேசியதே அப்போதுதான்.

பின்னால் எண்டோஸ்கோபி, அறுவை சிகிச்சை என்று வந்தால் மயக்க மருத்துவரிடம் இந்தக் கதையைச் சொல்லிவிடுங்கள், அங்கே கொடுக்கும் மிடசோலமும் இதே குடும்பம்தான். மிச்சமிருக்கும் அட்டைகளைப் பிள்ளைகள் கைக்கு எட்ட வைக்காதீர்கள். பக்கத்து வீட்டு அக்கா "உறக்கமே இல்ல, ஒண்ணு தாயேன்" என்று கேட்டாலும் கொடுக்க வேண்டாம். மருத்துவரைப் பார்க்கக் கூடவே போய்வாருங்கள்.